என் பெயரில் ஒரு காலி சேனல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திவ்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாடகர் ரியாஸின் நிகழ்ச்சிகளுக்கு எனக்குப் பிறகு சவுண்ட் பார்ப்பவள் அவள். சென்னையில் இதற்கென்றே படித்தவள். நான் பார்த்த வேலையில் பாதி இப்போது போனுக்குள் போய்விட்டது. மேடையில் நிற்பவர்கள் தங்கள் காதில் யாருடைய சத்தம் எவ்வளவு கேட்கவேண்டும் என்பதைத் தங்கள் போனிலேயே விரலால் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அதில் சேனல் என்று ஒரு தனிக் கட்டம். நல்லதுதான். ஒரு ஆள் நாள் முழுக்க அடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

டீயை வாங்கிக்கொண்டே திவ்யா கேட்டாள்.

"அங்கிள், ரியாஸ் அண்ணா போன்ல ஒரு சேனல் இருக்கு. 'முனி'ன்னு பேரு போட்டிருக்கு. அதுல மைக்கும் இல்ல, வயரும் இல்ல. சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு. எடுத்துடவான்னு கேட்டதுக்கு, 'முனியண்ணனக் கேளு'ன்னுட்டாரு. என்ன அது?"

நான் முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். என் மனைவி சாந்தம்மா சமையலறையிலிருந்து, "அவரு வாயால சொல்லுவாருன்னு உக்காந்திருந்தா உனக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியே வந்துடும்மா" என்றாள். திவ்யா சிரித்தாள். "எழுதியாச்சும் குடுங்க அங்கிள். நம்ம சவுண்ட்காரங்க மலர் ஒண்ணு போடறாங்க, அதுல போட்டுடலாம்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பிழைகளைத் திவ்யா திருத்திக்கொள்ளட்டும்.

என் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். மாங்காய் மண்டியில் கூடை தூக்கினேன். பிறகு ஓசூர் வந்து ஒரு மைக் செட் கடையில் சேர்ந்து, மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று பல வருடங்கள் போயின. கேட்டுக் கேட்டே தொழில் வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

அந்தக் கடையில் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க நான்கு இளைஞர்கள் வருவார்கள். நால்வரும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். ஜூஜுவாடியில் லாரி பாடி கட்டும் ஒரு பழைய கொட்டகையில் ராக் பாட்டுப் பழகினார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் அடிக்கும் ஹாரனைவிடச் சத்தமாக வாசிக்கவேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடம். குழுவுக்கு 'மூணாவது ஷிப்ட்' என்று பெயர். பிறகு பெங்களூரு, சென்னை, ஐதராபாத் எங்கும் தெரிந்த பெயரானது. 'டோல்கேட்' என்ற அவர்களுடைய பாட்டை ஆட்டோக்களில்கூடக் கேட்கலாம். முதல் குரல் ரியாஸ். கிட்டார் வாசித்தபடி, முதல் குரலுக்கு அடியில் சேர்ந்து வரும் கீழ்க்குரல் பாடுபவன் மஞ்சு. கன்னடக்காரன், கூட்டாளிகளைக் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். என்னைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனவனும் மஞ்சுதான்.

ஜனங்களுக்குச் சத்தம் கொடுப்பவர் மைதானத்தின் நடுவில் இருப்பார். மேடையில் இருப்பவர்களுக்குச் சத்தம் கொடுப்பவன் மேடை ஓரத்தில் இருப்பான். அது நான். பாடுபவரின் காதில் மாட்டியிருக்கும் சின்ன இயர்பீஸுக்குள் என்ன போகவேண்டும் என்பது என் கையில் இருந்தது. சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் ஆங்கிலப் பெயர்களைப் படிக்க எனக்கு வராது. அதனால் டேப் ஒட்டிப் படம் வரைந்து வைத்திருந்தேன். டிரம்ஸுக்குப் பானை, கிட்டாருக்கு மண்வெட்டி, மஞ்சுவின் குரலுக்கு மீசை. ரியாஸுக்குப் பஸ்.

பஸ் ஏன் என்றால், ரியாஸின் அப்பா தளி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மற்றவர்கள் மைக்கைச் சோதிக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். ரியாஸ், "ஓசூர், அந்திவாடி, மத்திகிரி, பேளகொண்டப்பள்ளி, தளீ... எறங்கு எறங்கு" என்று அப்பா மாதிரியே கத்துவார். அதில் வல்லின எழுத்தும் இருக்கும், நீட்டலும் இருக்கும். எனக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. சோதனை முடிந்ததும் செருப்பைக் கழற்றி என் மேஜைக்கு அடியில் வைப்பார். வெறும் காலோடுதான் பாடுவார். நிகழ்ச்சி முடிந்து செருப்பைத் தேடி வரும்போது, எவ்வளவு கூட்டம் சுற்றி நின்றாலும், "சாப்டீங்களாண்ணா?" என்று முதலில் என்னைத்தான் கேட்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் எனக்கு முதலாளி மாதிரி. நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன்.

பாட்டு நடக்கும்போது பேச முடியாது. எங்களுக்குச் சைகைதான் பாஷை. முஷ்டியைக் காட்டினால் டிரம்ஸ். விரலால் சுண்டினால் கிட்டார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் மஞ்சுவின் குரல். அதன்பின் விரலை மேலே காட்டினால் கூட்டவேண்டும், கீழே காட்டினால் குறைக்கவேண்டும்.

ஒரு தடவை மைசூருவில், பாட்டின் நடுவே மஞ்சுவின் மைக் வயர் செத்துவிட்டது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். ரியாஸின் குரல் மேலே ஏறும் இடத்தை, மலைப்பாதை பஸ்ஸை நினைத்து, நாங்கள் ஏத்தம் என்போம். அந்த ஏத்தத்தில் அவர் சுருதி கொஞ்சம் இறங்கியது. டிரம்ஸ் சத்தத்தில் ஜனங்களுக்குத் தெரியவில்லை. வயரை மாற்றியதும் சுருதி சரியாக வந்து நின்றது. அடுத்த சில நிகழ்ச்சிகளில் மஞ்சுவின் குரலை அவர் காதில் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். குறைத்தால் இறங்குகிறது, கூட்டினால் நிற்கிறது. மஞ்சுவின் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டுதான் ரியாஸ் மேலே ஏறுகிறார். அது அவருக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து ரியாஸின் காதுக்கு மீசைப் படம் ஒட்டிய பட்டனைக் கூட்டியே வைத்துவிட்டேன். எப்போதாவது ரியாஸ் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து விரலைக் கீழே காட்டுவார். மஞ்சுவைக் குறை என்று அர்த்தம். சவுண்ட் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொய் உண்டு. பட்டன்மேல் விரலை வைப்போம், குறைத்தது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம், குறைக்க மாட்டோம். அவர்களும் தலையாட்டிவிடுவார்கள். ரியாஸும் தலையாட்டிவிடுவார். ஒருநாள் வண்டியில், "ஏண்ணா, மஞ்சு ரொம்ப கேக்கறானே என் காதுல?" என்று கேட்டார். "அவரு கத்திப் பாடறாரு பாய்" என்றேன். இந்தப் பொய்யைப் பதினோரு வருடம் காப்பாற்றினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பிறகு ரியாஸ் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேறு மாதிரிப் பாட்டு எழுத ஆரம்பித்தார். அவருடைய அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பது பற்றி ஒன்று, அப்பாவின் கடைசி டிரிப் பற்றி ஒன்று. ஒரே ஒரு கிட்டாரை அவரே வாசித்துக்கொண்டு மெதுவாகப் பாடினார். ஜூஜுவாடிக் கொட்டகையில் அவர் பாடி முடித்ததும் மஞ்சு தாடியைச் சொறிந்தான்.

"இதென்ன குரு, தாலாட்டா? இதுல டிரம்ஸ் எங்க வரும்?"

"வராது."

"வராதா? அப்ப டிரம்ஸ்காரன என்ன பண்றது, தாம்பாளம் குடுத்து ஓரமா நிறுத்தட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரியாஸ் சிரிக்கவில்லை. "இந்தப் பாட்டுங்கள நான் தனியா பாடிப் பாக்கறேன் மஞ்சு" என்றார்.

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மஞ்சு எழுந்துபோய் அவர் தோளில் கை போட்டான். "போயிட்டு வா. மூணு ஷோ பாடு. அதுவரைக்கும் உன் எடத்துல யாரையும் நிறுத்த மாட்டேன். மூணுக்கு மேல என்னால முடியாது குரு, வெளிநாட்டுப் பயணம் நிக்குது. ஒத்து வரலன்னா வந்துடு. ஆனா வந்தா இந்த நோட்டுப் புஸ்தகத்த மூடி வெச்சிடணும். ரெண்டு வண்டி ஓட்ட முடியாது."

ரியாஸ் என்னைக் கூப்பிடவில்லை. நானே என் பெட்டியைத் தூக்கி அவருடைய வேனில் வைத்தேன்.

"எங்கண்ணா நீங்க?"

"வண்டி எங்க போவுதோ அங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

முதல் நிகழ்ச்சி பெங்களூருவில் ஒரு சின்ன அரங்கத்தில். பாதிப் பாட்டுகள் நன்றாகப் போயின. ஏத்தம் வந்த இடங்களில் எல்லாம் சுருதி இறங்கியது. மறைக்க டிரம்ஸ் இல்லை. படித்த கூட்டம், கை தட்டினார்கள். ஆனால் அந்தக் கைத்தட்டலில் இரக்கம் இருந்தது. ரியாஸ் தொண்டை என்று நினைத்து டாக்டரைப் பார்த்தார். டாக்டர், தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். மிளகுப் பால், இஞ்சிச் சாறு, வெந்நீர் என்று ஒரு மாதம் போனது.

இரண்டாவது, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில். அப்பாவைப் பற்றிய பாட்டில் ஏத்தம் வந்தபோது குரல் நழுவியது. முன்வரிசையில் ஒரு பையன், "அண்ணே, தொண்டைல பஞ்சர்!" என்று கத்தினான். பின்னால் "டோல்கேட்! டோல்கேட்!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ரியாஸ் பாட்டைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். மீதியைத் தாழ்ந்த குரலில் பாடி முடித்தார்.

திரும்பி வரும்போது சுங்கச்சாவடி வரிசையில் வேன் நின்றது. ரியாஸ் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூணாவது ஓசூர்ல, கம்பெனி ஃபேமிலி டே. அட்வான்ஸ் வாங்கிட்டேன், பாடித்தான் ஆவணும். அதுவும் இப்படியே போனா மஞ்சுகிட்டயே போயிடறேண்ணா. தனியா பாடற அளவுக்கு என்கிட்ட சரக்கு இல்ல போல."

நோட்டுப் புத்தகம் அவர் மடியில் இருந்தது. எனக்கு உண்மை தெரியும். வாய் வரவில்லை.

வீட்டில் சாந்தம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள்.

"நீ சொல்லலன்னா அந்த மனுஷன் தன்மேலயே தப்பு இருக்குதுன்னு நெனச்சிக்குவாரு. போய்ச் சொல்லு."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். குளிக்கறப்ப பாடறயே, அந்த வாயால. அதுவும் எந்தப் பாட்டா இருந்தாலும் அடிப்பாட்டுதான் பாடற. மேல் பாட்டு எங்க இருக்குதுன்னு நானும் இத்தினி வருசமா தேடறேன்."

அவள் சொன்னது உண்மை. எந்தப் பாட்டுக்கும் எனக்கு முதல் குரல் வராது. என் காது எப்போதும் மஞ்சுவின் குரலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தது. ரியாஸின் புதுப் பாட்டுகளுக்கும், யாரும் சொல்லித்தராமலே, ஒரு கீழ்க்குரல் என் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது.

நான் செய்த தப்பு, அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் நிகழ்ச்சி நாளன்று மதியம் சொன்னேன்.

தொழிற்சாலைத் திடலில் சாமியானா போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கயிறு இழுக்கும் போட்டி, இன்னொரு பக்கம் பிரியாணி. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் ஒரே வரிசையில் தட்டோடு நின்றன. மூன்று மணிக்குப் பாட்டு. ரியாஸ் மைக் சோதனை முடித்துச் செருப்பைக் கழற்ற என் மேஜைக்கு வந்தார்.

"பாய், உங்க தொண்டைல ஒண்ணுமில்ல."

"டாக்டரும் அதான் சொன்னாரு."

"நாந்தான். பதினோரு வருசமா மஞ்சு கொரல உங்க காதுல தூக்கி வெச்சிருந்தேன். நீங்க குறைக்கச் சொன்னப்பல்லாம் குறைக்கல. அத புடிச்சிக்கிட்டுதான் ஏத்தம் ஏறனீங்க. இப்ப அது இல்ல."

அவர் முகம் மாறிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

"அப்ப இத்தினி வருசமா நான் பாடனதெல்லாம் மஞ்சு கையப் புடிச்சிக்கிட்டா?"

நான் மீசைப் படம் ஒட்டிய டேப்பை விரலால் அழுத்தினேன்.

"ஏன் சொல்லல? நான் உங்களக் கேட்டேன்ல? வேன்ல வெச்சு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இன்னைக்குச் சொல்றீங்க. மேடை ஏற ஒரு மணி நேரம் இருக்கறப்ப." அவர் செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மனிதவளப் பிரிவு அதிகாரி வந்து, "சார் மூட் எப்படி? ரெண்டு குத்துப்பாட்டு இருக்கும்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ரியாஸ் செருப்புக் காலோடு மேடை ஏறினார். என் பக்கம் பார்க்கவில்லை. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, இரண்டிலும் ஏத்தம் கிடையாது. ஜனங்கள் பாதிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள். மூன்றாவது அப்பாவின் பாட்டு. ஓசூரில் பாடுவதால் அதில் வரும் ஊர்ப் பெயர்களுக்கு ஆட்கள் நிமிர்ந்தார்கள். மத்திகிரி என்றதும் ஒரு பக்கம் விசில். ஏத்தத்துக்கு இன்னும் இரண்டு வரிதான் இருந்தது.

அப்போது ரியாஸ் பாடுவதை விட்டு, வெறும் கிட்டாரை மட்டும் சுற்றிச் சுற்றி வாசித்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கிட்டாரிலிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். விரலை மேலே காட்டினார்.

மஞ்சுவின் குரலைக் கூட்டு.

மஞ்சு இல்லை. என் மிக்ஸரில் மீசைப் படம் ஒட்டிய இடம் காலி. அவருக்கும் அது தெரியும். ஏன் அப்படிக் காட்டினார் என்று பின்னாளில் கேட்டேன். "கை தானா போயிடுச்சுண்ணா" என்றார்.

என் மேஜையில் டாக்பேக் என்று ஒரு மைக் இருக்கும். 'பேட்டரி தீர்ந்துபோச்சு', 'அடுத்த பாட்டு' என்று பாடுபவரின் காதுக்குள் மட்டும் சொல்வதற்கானது. வெளியே ஒருவருக்கும் கேட்காது. அந்த மைக்கில்கூட நான் இரண்டு வார்த்தைக்குமேல் பேசியதில்லை. பட்டனை அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, குளிக்கும்போது பாடுவது மாதிரி, கீழ்க்குரலைப் பாடினேன்.

ஒரு வரி முடியும்வரை ஒன்றுமில்லை. பிறகு ரியாஸின் குரல் வந்தது. என் குரலுக்குமேல் கால் வைத்து ஏறியது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் குரலை விடவில்லை. ஏத்தம் முழுவதும் ஏறி, மேலே நின்று, தளி என்ற ஊர்ப் பெயரை அவர் அப்பா இழுப்பது மாதிரி இழுத்தார். சுருதி அசையவில்லை. பிரியாணி வரிசையில் இருந்தவர்கள் தட்டோடு மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். ஒரு வயதானவர், அவரும் போக்குவரத்துக் கழகத்தில் இருந்தவராம், "எறங்கு எறங்கு!" என்று பதிலுக்குக் கத்தினார். அன்றைக்கு யாரும் 'டோல்கேட்' கேட்கவில்லை.

அவ்வளவு ஜனங்களில் நான் பாடியதைக் கேட்டவர் ஒருவர்தான். என்னைப் போன்ற ஆளுக்கு அதுவே அதிகம்.

முடிந்ததும் ரியாஸ் என் மேஜைக்கு வந்தார். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முனிண்ணா, உங்க கொரலு கேவலமா இருக்கு."

"தெரியும் பாய்."

"தகரத்துல ஆணி போட்டு இழுத்த மாதிரி." தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே, "ஆனா அசையல" என்றார். அப்புறம், "சாப்டீங்களா?" என்றார்.

அங்கேயே மஞ்சுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வரல மஞ்சு. வேற ஆள நிறுத்திக்கோ."

"சரி குரு. சந்தோசம். முனியையாச்சும் அனுப்பி வை."

"அவர அனுப்ப முடியாது. அவரு பாடறாரு."

"யாரு, முனியா? பேசவே மாட்டாரே அவரு!" மஞ்சு சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

அதன்பின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஏத்தம் வரும்போது பாடினேன். ரியாஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "குறைச்சா சொல்லிட்டுக் குறைங்க. பொய் விரல் வைக்காதீங்க." அப்படியே செய்தேன். நிகழ்ச்சிக்கு முன், "இன்னைக்கு ஒரு துளி குறைக்கறேன் பாய்" என்பேன். அவர் தலையாட்டுவார். அடுத்த மாதம் இன்னொரு துளி. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருநாள் சேலத்தில், "இன்னைக்கு நான் பாடல பாய்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றி என் மேஜைக்கு அடியில் வைத்தார். ஏத்தத்தில் தனியாக ஏறினார். சுருதி நின்றது. நோட்டுப் புத்தகத்தில் இருந்த பாட்டுகள் எல்லாம் இப்போது ஜனங்கள் வாயில் இருக்கின்றன. இந்த ஊரில் அதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனக்கு இடது காதில் விசில் சத்தம் நிற்காமல் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் வேலையை விடச் சொன்னார், விட்டேன். போனில் சத்தம் வைத்துக்கொள்ளும் முறை வந்த சமயம் அது. புது மிக்ஸரில் படம் ஒட்ட இடம் இல்லை. பெயர்தான் போடமுடியும். நான் பழைய வயர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, ரியாஸ் தன் போனில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை. திவ்யா வந்து சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

திவ்யா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். அந்தச் சேனலில் எதையும் இணைக்கவேண்டாம், அதை எடுக்கவும் வேண்டாம். அது உன் கணக்கில் கோளாறாகத் தெரிந்தால், பழைய ஆள் ஒருவன் விட்டுப்போன செருப்பு என்று நினைத்துக்கொள். அடுத்த நிகழ்ச்சியில் அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து விரலை மேலே காட்டினால் மட்டும், நீ பயந்துவிடாதே. எனக்கு ஒரு போன் போடு. குளித்துக்கொண்டிருந்தாலும் சாந்தம்மா எடுத்துக் கொடுப்பாள்.